நூறு ரூபாய்த் தக்காளியும் நாற்பது ரூபாய் ஒப்பந்தமும்

இயற்கை விவசாயிகளிடம் கூட்டாக, நேரடியாகக் காய்கறி வாங்குவது நிலைத்து நிற்க என்ன தேவை?

2023 ஜூலை மாதம். தமிழகம் எங்கும் தக்காளியைப் பற்றித்தான் பேச்சு. சில்லறைக் கடைகளில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. சென்னையில் நியாயவிலைக் கடைகள் மூலம் அரசே தக்காளி விற்கும் நிலை வந்தது. அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை அதிகாலை, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காய்கறிக் கொட்டகையில் நின்றிருந்தேன். பதினேழு இயற்கை விவசாயிகள் கூட்டாக நடத்தும் கொட்டகை அது. திண்டுக்கல் நகரில் 140 குடும்பங்களுக்கு அங்கிருந்து வாரம் ஒருமுறை காய்கறிப் பை போகும்.

கத்தரி வந்துவிட்டது. வெண்டை, புடலை, முருங்கை, அரைக்கீரை எல்லாம் வந்துவிட்டன. தக்காளி மட்டும் 280 கிலோ வரவேண்டிய இடத்தில் 112 கிலோதான் வந்திருந்தது. தக்காளி போட்டிருந்த ஐந்து பேரில் இருவர் மட்டுமே கொண்டுவந்தார்கள். மற்ற மூவரின் தக்காளி முதல் நாள் இரவே மண்டிக்குப் போய்விட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். குழு பேசியிருந்த விலை ஆண்டு முழுவதும் கிலோ 40 ரூபாய். அதில் விவசாயிக்கு 30 ரூபாய். மண்டியில் அன்று 80 ரூபாய். ஆளுக்கு வாரம் 56 கிலோ என்றால் வித்தியாசம் 2,800 ரூபாய். பத்து சென்ட் தக்காளி வைத்திருப்பவருக்கு அது சிறிய தொகை அல்ல.

மண்டிக்கு அனுப்பிய மூவரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. ஒளிந்துகொள்ளாமல் கொட்டகைக்கு வந்து நேராகவே சொன்னார்: "தம்பி, வாக்குக் குடுத்தது எனக்கு மறக்கலை. பேத்திக்கு காலேஜு ஃபீஸ் கட்ட இந்த வாரந்தான் கடைசி. மண்டிக்காரர் கையில காசு வச்சாரு. நீங்க எழுதிக் குடுத்த ஒப்பந்தத்துல இதுக்கு என்ன பதில் இருக்குது?"

பதில் இல்லை. அந்த ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அடுத்த அடி மறுபக்கத்திலிருந்து

அன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2 கிலோவுக்குப் பதில் 800 கிராம் தக்காளிதான் போனது. நகரத்துக் குடும்பங்கள் முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொண்டன. இரண்டு மாதம் கழிந்தது. செப்டம்பரில் வரத்து குவிந்து, தக்காளியின் மொத்த விலை கிலோ 10 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. இப்போது மண்டிக்குப் போன மூவரும் முழு அளவைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் நகரத்திலிருந்து கேள்வி வந்தது. "தெருவுல மூணு கிலோ அம்பது ரூபாய்னு வண்டியில கூவி விக்கிறாங்க. நாங்க மட்டும் ஏன் 40 குடுக்கணும்?"

அந்த மாதத்தில் 50 குடும்பங்கள் நின்றுவிட்டன. 140 என்பது 90 ஆனது. மூன்று ஆண்டுகளாகப் பாடுபட்டு உருவாக்கிய குழு கலைந்துவிடும் என்றே நினைத்தோம்.

நான் உழவியல் படித்தவன். எந்தப் பயிர் எந்தப் பட்டத்தில் வரும், எத்தனை சென்டில் எத்தனை கிலோ எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். விலை ஏறும்போது விவசாயிக்கும், இறங்கும்போது நுகர்வோருக்கும் ஆசை வரும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நிலையான விலை என்பது ஒரு வகைக் காப்பீடு. ஒரு மாதம் விவசாயி விட்டுக்கொடுப்பார், இன்னொரு மாதம் நுகர்வோர் விட்டுக்கொடுப்பார். இதை இருதரப்புக்கும் முன்பே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தவறு.

ரூபாயில் விவசாயி பங்கு எவ்வளவு?

இந்தச் சங்கடமெல்லாம் எதற்கு, மண்டியிலேயே விற்றுவிடலாமே என்று கேட்கலாம். இந்திய ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையைப் பாருங்கள். தக்காளிக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. மீதி வியாபாரி, மொத்த விற்பனையாளர், சில்லறைக் கடை என்று பல கைகளுக்குப் பிரிகிறது.

நான் சொல்லும் குழுவில் நுகர்வோர் தரும் 100 ரூபாயில் 75 ரூபாய் விவசாயிக்கு. 20 ரூபாய் வண்டி வாடகை, தரம் பிரிக்கும் கூலி, கழிவு ஆகியவற்றுக்கு. 5 ரூபாய் சேமநிதிக்கு.

மண்டிக்காரரை வில்லனாக்கிப் பேசுவது எனக்கு உடன்பாடு இல்லை. அவர் எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்கிறார். கோணல் கத்தரியையும் வாங்குகிறார். அன்றே காசு தருகிறார். அவசரத்துக்கு முன்பணமும் தருகிறார். கூட்டுறவாக விற்க நினைப்பவர்கள் இந்த வேலைகளை எல்லாம் தாங்களே செய்ய வேண்டும். அந்த அம்மாவின் கேள்வி சுட்டிக்காட்டியது இதைத்தான். அவசரத்துக்கு மண்டியில் பணம் கிடைக்கிறது, குழுவில் கிடைக்கவில்லை.

மண்டபத்தில் பேசி முடித்தது

அக்டோபரில் திண்டுக்கல்லில் ஒரு சிறு மண்டபத்தில் இருதரப்பையும் உட்கார வைத்தோம். பதினேழு விவசாயிகளும் வந்தார்கள். நகரத்திலிருந்து முப்பது குடும்பங்கள் வந்தன. நாற்று, தொழுவுரம், பந்தல் குச்சி, களையெடுப்பு, பறிப்புக் கூலி எனத் தக்காளிச் சாகுபடிச் செலவை ஒவ்வொன்றாக எழுதிப் போட்டோம். வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி போட்டோம். விவசாயி நஷ்டப்படாமல் இருக்கக் கிலோவுக்கு 22 ரூபாய் வேண்டும் என்று கணக்கு வந்தது. 'பத்து ரூபாய்க்கு விற்பவர் எப்படித்தான் விற்கிறார்?' என்று ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார். 'கடன் வாங்கித்தான்மா' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பேச்சு எளிதாகப் போனது.

அன்று முடிவான விதிகள் நான்கு:

• நடுவிலை 40 ரூபாய். திண்டுக்கல் உழவர் சந்தையில் அன்று எழுதிப்போடும் விலையோடு ஒப்பிட வேண்டும். வெளியே விலை ஏறினால் வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுவது, இறங்கினால் பாதியைக் குறைப்பது. சந்தையில் 100 என்றால் குழுவில் 70.

• எவ்வளவு இறங்கினாலும் 30 ரூபாய்க்குக் கீழே போவதில்லை. சந்தையில் 15 ரூபாய் என்றால் கணக்குப்படி 27.50 வரும். ஆனாலும் 30 ரூபாய்தான். அதில் விவசாயிக்கு அடக்கச் செலவு கிடைத்துவிடும்.

• நுகர்வோர் மூன்று மாதத் தொகையில் கால் பங்கை முன்பணமாகத் தருவது. அதில் ஒரு பகுதி விதைக்கும் நாற்றுக்கும். இன்னொரு பகுதி, கல்விக் கட்டணம், மருத்துவம் போன்ற அவசரத்துக்கு உறுப்பினர் வட்டியில்லாமல் எடுத்துத் திருப்பும் கைமாற்று நிதி.

• ஒப்புக்கொண்ட அளவு முதலில் குழுவுக்கு. அதற்கு மேல் விளைவதை விவசாயி எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

பயிர்த் திட்டமே முதல் வேலை

நேரடி விற்பனை தொடங்கும் பல குழுக்கள் சந்தையைத் தேடுவதிலேயே காலத்தைக் கழிக்கின்றன. உண்மையில் முதலில் போட வேண்டியது பயிர்த் திட்டம். ஓர் எளிய கணக்கு சொல்கிறேன்.

100 குடும்பம், வாரம் 2 கிலோ தக்காளி என்றால் 200 கிலோ. ஒரு நடவில் சுமார் 10 வாரம் பறிக்கலாம் என்று வைத்தால் மொத்தம் 2 டன். இயற்கை முறையில் ஏக்கருக்கு 8 டன் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், தேவைப்படும் நிலம் 25 சென்ட்தான். ஆண்டு முழுக்கக் கொடுக்க வேண்டும் என்றால் சுமார் பத்து வார இடைவெளியில் ஐந்து நடவு. ஒவ்வொன்றும் 25 சென்ட். ஒரே விவசாயி ஐந்து ஏக்கரில் ஒரே நாளில் நட்டுவிட்டு, விற்க முடியாமல் தவிக்கும் நிலை இதில் வராது. ஒரே நடவை நம்பி இராமல், இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பது இன்னும் நல்லது. ஒருவர் வயலில் வாடல் நோய் வந்தாலும் பை காலியாகாது.

சிறுகீரை, முளைக்கீரைக்கு மூன்றரை வாரம் போதும். வாரம் ஒரு பாத்தி வீதம் விதைத்தால் வாரம் ஒரு பாத்தி அறுவடைக்கு வரும். கத்தரியும் வெண்டையும் பூசணி வகைகளும் மாற்றி மாற்றி வர வேண்டும். ஒரே நிலத்தில் தக்காளிக்குப் பின் கத்தரி, மிளகாய் போட வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம். நூற்புழுவும் வாடல் நோயும் தங்கிவிடும். இடையில் ஒரு பருவம் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும்.

அறுவடையைக் காலை வெயில் ஏறும் முன் முடித்து, நிழலில் பரப்பி, வாடிய கீரையையும் அடிபட்ட தக்காளியையும் அங்கேயே பிரித்துவிட வேண்டும். நகரத்துக்குப் போன பின் கழித்தால் வண்டி வாடகையும் நஷ்டம், பெயரும் நஷ்டம்.

காலி பாட்டில் சொன்ன செய்தி

விலையைவிடப் பெரியது நம்பிக்கை. இயற்கைக் காய்கறிக்கும் மற்றதற்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. புழு இருந்தால் இயற்கை என்பதும், பளபளப்பாக இருந்தால் மருந்து அடித்தது என்பதும் சரியான அளவுகோல் அல்ல.

எங்கள் குழு பின்பற்றுவது பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் வயலை மற்றவர்கள் ஆய்வு செய்வார்கள். மாற்றக் காலத்தில் இருப்பவருக்குப் 'பசுமை' நிலை, அதை முடித்தவருக்கு 'ஆர்கானிக்' நிலை. உள்நாட்டு விற்பனைக்கு இது போதும். ஏற்றுமதிக்கு மட்டும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் மூன்றாம் தரப்புச் சான்று வேண்டும். தமிழகத்தில் அதைக் கோவையில் இயங்கும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையிடம் பெறலாம்.

இரண்டாம் ஆண்டு ஆய்வின்போது ஒரு கத்தரி வயலின் வரப்போரம் பூச்சிமருந்துக் காலி பாட்டில் கிடந்தது. வயலுக்கு உரியவர் மறுக்கவில்லை. தண்டு, காய்த் துளைப்பான் இரண்டு வாரமாகத் தின்கிறது, பொறுக்க முடியாமல் ஒருமுறை அடித்துவிட்டேன் என்றார். குழு கூடிப் பேசியது. அந்த வயல் மீண்டும் மாற்றக் காலத்துக்குப் போனது. அவருடைய கத்தரி பையிலிருந்து நீக்கப்பட்டது. நடந்ததை ஒளிக்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் எழுதித் தெரிவித்தோம். பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பயந்தோம். ஒரு குடும்பம்கூட நிற்கவில்லை. 'சொல்லிவிட்டீர்களே, அது போதும்' என்றார்கள்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காய்த் துளைப்பானுக்கு என்ன செய்வது என்று பருவத் தொடக்கத்திலேயே குழு சொல்லித் தந்திருக்க வேண்டும். நட்ட சில வாரங்களிலேயே ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். தலை சாய்ந்த குருத்துகளை வாரம் இருமுறை கிள்ளி அழிக்க வேண்டும். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடித்தால் பலன் தெரியும். இப்போது வேப்பங்கொட்டையைக் கோடையிலேயே குழு மொத்தமாக வாங்கி இருப்பு வைக்கிறது.

சட்டத்தில் எந்த வடிவம்?

கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகர நெசவாளர்கள் தொடங்கிய கடையைப் பார்த்து, சென்னை திருவல்லிக்கேணியில் 1904-ல் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. வாங்குபவர் சங்கமும் விளைவிப்பவர் சங்கமும் ஒரே ஆண்டில் பிறந்த மண் இது.

இன்று குழுவாக விற்க நினைப்பவர்களுக்குப் பல வழிகள் உள்ளன. பத்து விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யலாம். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்க மத்திய அரசு 2020-ல் தொடங்கிய திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 300 பேரும் மலைப்பகுதியில் 100 பேரும் உறுப்பினராக வேண்டும். எடுத்த எடுப்பில் 300 பேரைச் சேர்த்து நிறுவனம் தொடங்கிவிட்டு, விற்க என்ன இருக்கிறது என்று தேடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பதினைந்து இருபது பேர் பி.ஜி.எஸ். குழுவாக இரண்டு பருவம் விற்றுப் பார்த்து, கணக்கு வழக்கு பழகிய பின் பெரிதாக்கலாம்.

சிறு விவசாயிகளுக்கு ஒரு சலுகையும் உண்டு. 2017-ல் வந்த அங்கக உணவு விதிமுறைகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு உற்பத்தியாளரோ அவர்களின் குழுவோ நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயமில்லை. கடை மூலம் அங்ககப் பொருள் என்று விற்றால் சான்றும் 'ஜைவிக் பாரத்' முத்திரையும் வேண்டும்.

வாங்குபவர்கள் கேட்க வேண்டியவை

இயற்கைக் காய்கறிப் பை வாங்க நினைக்கும் வாசகர்கள், பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• விளைவிக்கும் விவசாயிகளின் பெயர், ஊர் தெரியுமா? வயலுக்குப் போய்ப் பார்க்க அனுமதி உண்டா?

• பி.ஜி.எஸ். சான்றோ மூன்றாம் தரப்புச் சான்றோ உள்ளதா? யாருடைய வயல் மாற்றக் காலத்தில் உள்ளது?

• நான் தரும் 100 ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது?

• பருவமில்லாத காய் வருகிறதா? கோடை உச்சியில் சமவெளிக் குழு ஒன்று முட்டைக்கோசும் காலிபிளவரும் கொடுத்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

• தவறு நடந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா?

நுகர்வோர் தரப்பிலும் கடமை உண்டு. அங்கக முறைக்கு மாறும் நிலத்துக்கு, காய்கறி போன்ற பருவப் பயிரில் இரண்டு ஆண்டும், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிரில் மூன்று ஆண்டும் மாற்றக் காலம். முதல் ஓரிரு பருவத்தில் மகசூல் குறையும். முழுச் சான்று இல்லாததால் கூடுதல் விலையும் கிடைக்காது. பல விவசாயிகள் இயற்கை வேளாண்மையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். 'பசுமை' நிலைக் காய்கறியையும் நியாய விலைக்கு வாங்கும் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் இந்தக் காலத்தைத் தாண்டிவிடுவார்கள். நான்கு வாரம் வாங்கிவிட்டு நிறுத்துவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் பைக்கான நாற்று அதற்கு முன்பே மண்ணில் நடப்பட்டிருக்கும்.

மறுபடியும் ஒரு ஜூலை

2024 ஜூலையில் தக்காளி விலை மீண்டும் ஏறியது. புதிய விதிகளுக்கு அது முதல் சோதனை. சனிக்கிழமை காலை நானும் கொட்டகைக்குப் போயிருந்தேன். ஐந்து பேரில் நான்கு பேர் ஒப்புக்கொண்ட அளவை முழுதாகக் கொண்டுவந்தார்கள். ஐந்தாமவர் வயலில் வாடல் நோய். இடைவெளி விட்டு நட்டிருந்ததால், அவருடைய பங்கையும் மற்றவர்கள் ஓரளவுக்கு ஈடுகட்டினார்கள்.

அந்த அம்மா மூன்று பெட்டி இறக்கினார். "மண்டியில இன்னும் பத்து ரூபாய் கூடத்தான் கிடைக்கும் தம்பி" என்றார். "ஆனா போன மாசம் கைமாத்து நிதியில வாங்கித்தான் பேத்திக்கு ஃபீஸ் கட்டினேன்."

நின்றுபோன 50 குடும்பங்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. மீதிப் பேர் வரவில்லை. வராதவர்கள் மேல் குழுவுக்கு வருத்தம் இல்லை. 120 குடும்பத்துக்குத்தான் இப்போது நடவுத் திட்டம் போடுகிறோம். உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு இல்லையென்றால், தெருவில் இருபது குடும்பங்கள் சேர்ந்து, பக்கத்து வட்டாரத்தில் நான்கைந்து விவசாயிகளைத் தேடிப் பேசிப் பாருங்கள். அவர்களின் விவரம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் கிடைக்கும். விலையைப் பேசும்போது, அது ஏறினால் என்ன செய்வது, இறங்கினால் என்ன செய்வது என்ற இரண்டையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.